கடைசல் உளிகளைச் சாணைக்குக் கொடுக்குமுன் படிக்கவும்

சிங்கப்பூரில் மரக் கடைசலைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களில் பலர் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள். கடைசல் இயந்திரமான லேத்துக்கு வாடகைப் பட்டறை கிடைத்தாலும், சாணை இயந்திரத்தின் இரைச்சலையும் தீப்பொறியையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், உளிகளை வெளியே கொடுத்துக் கூர்தீட்டிக்கொள்வதே அவர்களுடைய வழக்கம். நானும் அப்படித்தான் தொழிற்பேட்டை ஒன்றிலுள்ள சாணைக் கடையில் கிண்ணம் கடையும் குழி உளியான பௌல் கௌஜ் ஒன்றையும், கால், கம்பு போன்ற நீள வேலைகளுக்கான ஸ்பிண்டில் கௌஜ் ஒன்றையும் கொடுத்தேன். "ஜிக் வைத்துத் தீட்டுகிறோம், கோணம் மாறவே மாறாது" என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். ஜிக் என்பது தீட்டும்போது உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் தாங்கி.

பௌல் கௌஜின் மூக்கு, அதாவது நுனியின் சரிவு, 55 டிகிரியிலும் ஸ்பிண்டில் கௌஜின் மூக்கு 40 டிகிரியிலும் இருந்தன. இருக்கும் கோணத்திலேயே கூர் மட்டும் ஏற்றித் தரும்படி கைப்பிடியில் சீட்டு ஒட்டிக் கொடுத்திருந்தேன். திரும்ப வாங்கியபோது, சாணைக் கூலியுடன் "கோணத் திருத்தம்" என்ற பெயரில் உளிக்கு 20 வெள்ளி வீதம் கூடுதலாக ரசீதில் ஏறியிருந்தது. நான் கேட்காத வேலைக்குக் கூலி கேட்டது ஒருபுறம் இருக்க, அந்த வேலையே உளியைக் கெடுத்துவிட்டது என்பதுதான் பெரிய குறை.

விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பௌல் கௌஜின் சரிவுப் பரப்பு ஒரே வழவழப்பான வளைவாக இல்லாமல், வைரத்துக்குப் பட்டை தீட்டியதுபோலத் தனித்தனி முகங்களாக மின்னியது. மூக்கின் இருபுறமும் பின்னோக்கிச் செல்லும் கூர் விளிம்புகளான இறக்கைகளில் இடது இறக்கை வலது இறக்கையைவிட நீண்டிருந்தது. கோணமானியை வைத்தால் மூக்கு 40 டிகிரிக்கு அருகில் நின்றது. உளித் தண்டில் ஓடும் குழியின் நீளத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எஃகு போய்விட்டது. நுனியில் நீலம் படிந்திருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய கார்பன் எஃகு உளியில் நீலம் ஏறினால் பதம் போய்விட்டது என்று பொருள். என் உளியின் ஹை ஸ்பீடு எஃகு அதைவிட வெகு கூடுதலான வெப்பத்தைத் தாங்கும்.

மூக்கு 40 டிகிரி ஆகிவிட்ட பௌல் கௌஜைக் கொண்டு ஆழமான கிண்ணத்தின் உட்புறத்தைக் கடைந்தால், சுவர் வளைந்து அடிப்பாகத்தைத் தொடும் இடத்தில் சரிவுப் பரப்பை மரத்தின்மீது பதித்து வைக்க முடியாது, ஏனென்றால் அதற்கு வேண்டிய அளவு கைப்பிடியைத் திருப்புமுன்பே உளியின் தண்டு கிண்ணத்தின் விளிம்பில் இடித்துவிடும். சரிவுப் பரப்பு மரத்தில் பதியாத உளி எந்த நேரத்திலும் மரத்தில் கொத்திக்கொள்ளும்.

கடையிலிருந்த இளைஞர், "அண்ணே, ஜிக்லதான் போட்டோம், நீங்களே பாருங்க" என்று காட்டினார். ஜிக் இருந்தது உண்மைதான். ஆனால் கோணத்தை முடிவு செய்வது ஜிக் மட்டுமன்று. உளி ஜிக்கிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஜிக்கின் கால் எந்தச் சாய்வில் பூட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கால் ஊன்றும் குழி கல்லிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்னும் மூன்றும் ஒவ்வொரு முறையும் அப்படியே இருந்தால்தான் அதே கோணம் வரும். போதாக்குறைக்கு, அலுமினியம் ஆக்சைடு கல் தேயத் தேய அதன் விட்டம் குறைவதால், மற்ற அளவுகளை மாற்றாமல் வைத்தாலும் கோணம் மெல்ல நகர்ந்துவிடும். சிபிஎன் என்னும் மிகக் கடினமான துகள் பூசிய எஃகுச் சக்கரத்தில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. நீட்டத்தை அளக்க ஒரு மரக்கட்டையில் ஆணியடித்து வைத்தாலே போதும். அந்தப் பட்டறையில் அதுவும் இல்லை. உளியைக் குத்துமதிப்பாகச் செருகித் திருகை முடுக்கியிருக்கிறார்கள். கையாலேயே பிசகாமல் தீட்டும் கைகாரர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஜிக்கைக் காட்டிக் காசு வாங்கிவிட்டுக் கண்மதிப்பில் தீட்டுவதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

சீட்டையும் ரசீதையும் சேர்த்துக் காட்டி வாதாடியதில் திருத்தக் கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். தேய்ந்துபோன எஃகுக்கு, "கம்பெனிக் கோணம் அதுதான், முன்னாடி இருந்ததுதான் தப்பு" என்பதே பதிலாக இருந்தது. பௌல் கௌஜுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே கோணம் கிடையாது. 40 முதல் 60 வரை அவரவர் வேலைக்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே உளியைக் கொடுக்குமுன், கோணமானியை வைத்தபடியே பக்கவாட்டில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழியின் நீளத்தையும் அளந்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சரிவுப் பரப்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஜிக்கில் பூட்டி, இயந்திரத்தை ஓட்டாமல் கல்லைக் கையால் சற்றே சுழற்றிக் காட்டும்படி கேளுங்கள். மை முழுப் பரப்பிலும் சீராக அழிந்தால் கோணம் பொருந்துகிறது. அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறையப் போகிறது. கூர்முனையில் மட்டும் அழிந்தால் கூடப் போகிறது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்துகாட்டத் தயங்கும் கடையென்றால் உளியைக் கையோடு திரும்ப எடுத்துவந்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்; அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். எங்கே போனாலும் படமும் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.