வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா: நெல்லைச் சீமைக்காரர்கள் எங்கே விமானம் ஏறுவது?

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி ஆகிய நாலு மாவட்டத்துக்காரர்களும் விமானம் ஏற மூன்று இடங்களில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். பக்கத்தில் தூத்துக்குடி விமான நிலையம் (நமக்கு அது வாகைக்குளம்தான்), வடக்கே மதுரை, மேற்கே திருவனந்தபுரம். வாகைக்குளத்தில் புது டெர்மினல் வந்த பிறகு “இனிமே எதுக்குப்பா மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையணும்?” என்று பலரும் கேட்கிறார்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர் அப்படிக் கேட்டால் நியாயம். துபாய்க்கு டிக்கெட் எடுக்கிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வாகைக்குளம் 1992-ல் திறந்த நிலையம். ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். அதில் புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம்தான் இறங்கும். ஏர்பஸ், போயிங் பக்கத்திலேயே வர முடியாது. சேவையும் நிலையாக ஓடவில்லை. இடையில் விமானமே வராமல் கிடந்து, 2006-ல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் திரும்ப ஆள் நடமாட்டம் தெரிந்தது. அப்புறம் கிங்ஃபிஷர், அந்த நிறுவனமும் 2012-ல் மொத்தமாகப் பறப்பதை நிறுத்தியது. துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பு, மீன் ஏற்றுமதி என்று இத்தனை தொழில் உள்ள ஊருக்கு இவ்வளவு காலம் இந்த நிலைமை இருந்திருக்கவே கூடாது.

2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த புது டெர்மினலோடு நிலைமை மாறியது. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில், 17,340 சதுர மீட்டர் கட்டிடம். நெரிசல் நேரத்தில் மணிக்கு 1,350 பயணிகள், வருஷத்துக்கு 20 லட்சம் பேரைக் கையாளலாம் என்பது திட்டம். அதைவிடப் பெரிய மாற்றம் ஓடுபாதையில்தான்: 3,115 மீட்டராக நீண்டு, ஏர்பஸ் ஏ321 ரகப் பெரிய விமானத்துக்கும் இடம் கொடுக்கிறது.

இதை மதுரையோடு வைத்துப் பாருங்கள். மதுரை விமான நிலையம் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்ட களம். 1957-லிருந்து பயணிகள் விமானம் வருகிறது. இப்போதிருக்கும் டெர்மினல் 2010-ல் திறந்தது, 17,560 சதுர மீட்டர். அதாவது கட்டிட அளவில் வாகைக்குளமும் மதுரையும் இன்றைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஓடுபாதையிலோ மதுரை 2,285 மீட்டரோடு நிற்கிறது. நீட்டிப்புக்கு ரிங் ரோடு குறுக்கே கிடக்கிறது, நிலம் எடுக்கும் வேலை வருஷக்கணக்காக இழுக்கிறது. 2024-ல் ‘சின்ன உடைப்பு’ என்ற கிராமத்து மக்கள், மாற்று இடம் தராமல் வீட்டைக் காலி செய்யச் சொல்வதை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதைத் தீர்க்காமல் ஓடுபாதையை நீட்ட முயல்வது சரியே இல்லை.

அப்படியானால் மதுரையைவிட வாகைக்குளம் மேலா? உள்நாட்டுப் பயணத்துக்கு நெல்லைக்காரர் கணக்கில் ஆமாம். வெளிநாட்டுக்கு இல்லை. மதுரையில் சுங்கமும் குடியேற்றச் சோதனையும் இருக்கின்றன; 2012-ல் கொழும்பு விமானம் தொடங்கி, பின்னால் துபாய், சிங்கப்பூர் என்று சேவைகள் வந்தன. வாகைக்குளத்தில் புதுக் கட்டிடம் திறந்தபோதும் அந்த இரண்டும் இல்லை. எவ்வளவு நீள ஓடுபாதை இருந்தாலும், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த ஆள் இல்லாத ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு நேர் விமானம் கிளம்ப முடியாது.

மதுரைக்கும் ஒரு முடிச்சு உண்டு. இரண்டு நாடுகள் செய்துகொள்ளும் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில், அந்த நாட்டு நிறுவனம் நம் நாட்டில் எந்தெந்த ஊருக்கு வரலாம் என்று பட்டியல் இருக்கும். அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஒப்பந்தப் பட்டியல்களில் மதுரை பெயர் கிடையாது. அதனால் அந்த நாட்டு விமானங்கள் திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும், மதுரைக்கு வராது. இந்திய நிறுவனங்களும் இலங்கை விமானமும் மட்டுமே வரலாம். மதுரைக்காரர்கள் பல வருஷமாக இதற்காகக் குரல் கொடுக்கிறார்கள். நாளைக்கு வாகைக்குளத்தில் சுங்கம் வந்தாலும் இதே முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும். அதனால் தெற்கத்தி எம்பிக்கள் இரண்டு ஊருக்கும் சேர்த்தே இதைக் கேட்பது நல்லது.

திருவனந்தபுரத்தின் பலமே இந்த இடத்தில்தான். 1932-ல் தொடங்கிய களம். 1935-ல் பம்பாயிலிருந்து டாடாவின் தபால் விமானம் அங்கே வந்து இறங்கியது. அன்றைக்கு நாகர்கோவிலும் செங்கோட்டையும் அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர்கள். 1956-ல் எல்லை மாறியது. ஆனால் குமரி மாவட்டத்துக்காரர் இன்றும் விமானம் என்றால் மேற்கேதான் போகிறார். 1991-ல் பெருநகரங்களுக்கு வெளியே முதல் சர்வதேச விமான நிலையமாக அதை அறிவித்தார்கள். ஓடுபாதை 3,400 மீட்டர். துபாய், அபுதாபி, ஷார்ஜா, தோஹா, மஸ்கட் எல்லாவற்றுக்கும் நேர் விமானம், அதுவும் வளைகுடா நாட்டு நிறுவனங்களுடையதே. 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமம் நடத்துகிறது. 2024 ஜூலையில் பயனர் கட்டணம் (விமான நிலையம் பயணிகளிடம் வாங்குவது) கணிசமாக ஏறியது. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையைப் பாருங்கள்.

அங்கே போகிறவர்கள் நினைவில் வைக்க இன்னொன்றும் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு (சுவாமியை நீராட்டும் சடங்கு) ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி, ஓடுபாதைக்குக் குறுக்கேதான். பங்குனி ஆராட்டு, ஐப்பசி ஆராட்டு என வருஷத்தில் இரண்டு நாள், சாயங்காலத்திலிருந்து சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். யானை, வாள் ஏந்திய அரச குடும்பத்தார், சுவாமி வாகனங்கள் எல்லாம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய்த் திரும்பும். ஓடுபாதை வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த வழி அது. விமானங்கள் அதற்காகக் காத்திருக்கும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் தேதிகளில் பயணம் இருந்தால் புறப்படும் நேரத்தை முன்னாலேயே சரிபாருங்கள்.

இனி சாலை. பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் முக்கால் மணி நேரம்; நாலுவழிச் சாலையை ஒட்டியே நிலையம். வல்லநாடு தாமிரபரணிப் பாலம் மட்டும் சேதமாகி, ஒரு பக்கத்தை மூடி எல்லா வண்டியையும் மறுபக்கம் விட்டது பலமுறை நடந்திருக்கிறது. அதற்காகக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவது புத்தி. நெல்லை–தூத்துக்குடி பஸ்ஸில் போவதாக இருந்தால் ‘எண்ட் டு எண்ட்’ வண்டியில் ஏறிவிடாதீர்கள், நடுவில் நிற்காது. மதுரை 150 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சாலை நேர்சாலை; ஊருக்குள் நுழையாமலே விமான நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். திருவனந்தபுரம் வழியில் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை: தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக மலையிறங்கினால் போதும். அவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் திருவனந்தபுரம்தான், யோசிக்கவே வேண்டாம்.

வாகைக்குளத்தில் ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானம் ஏறுவது தனி அனுபவம். பின்பக்கக் கதவு வழியாக ஏறி முன்னால் நடக்க வேண்டும். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சின்னது, பெரிய டிராலி நுழையாது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. கடற்கரைப் பக்கம் உப்பளப் பாத்திகளும் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியலும், உள்ளே வரவரச் செம்மண்ணும் பனையும் தெரியும்.

வளைகுடாவிலிருந்து வாகைக்குளம் வழியாக ஊர் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் பெட்டிக் கணக்கைக் கவனியுங்கள். சென்னையில் சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், அங்கிருந்து 30 கிலோ கொண்டுவந்தவருக்கு உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி; மீதிக்குக் காசு கட்ட வேண்டும். சென்னையில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் பொறுப்பு உங்களுடையதே. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், இல்லாவிட்டால் நேராகத் திருவனந்தபுரத்தில் இறங்குங்கள்.

சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் ரயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் நெல்லை வந்தே பாரத் 7 மணி 50 நிமிஷத்தில் எழும்பூரில் கொண்டுவிடுகிறது. விமானத்தில் வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் தாண்டி ஊருக்குள் போய்ச் சேர எப்படியும் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மிச்சமாகும் மூன்று மணி நேரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது, நீங்கள் எந்த வேலையாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆஸ்பத்திரி, இன்டர்வியூ என்று நேரம் முக்கியமானால் வாகைக்குளத்துக்குப் போங்கள். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் ரயில்தான்.