போர்ட்டோ ஆற்றங்கரையில் கேட்காமலே வந்த பாண்

சென்ற ஏப்ரலில் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போர்த்துக்கலின் போர்ட்டோ நகரத்துக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு எங்களிடம் வந்திருந்த அம்மாவுக்கு, லண்டனைத் தவிர்த்தால், அதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். ஊர் மனத்தை விட்டு அகலாத ஊர். ஆனால் ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் எங்களுக்கு நடந்ததைக் கோடை விடுமுறைக்கு அங்கே போக டிக்கெட் எடுத்திருப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

அன்று காலை சாவோ பென்டோ ரயில் நிலையத்தைப் பார்த்தோம். 1916இல் திறக்கப்பட்ட அதன் முன்மண்டபச் சுவர்களில் ஏறத்தாழ 20,000 ஓடுகள், பெரும்பாலும் நீலமும் வெள்ளையும். ஜோர்ஜ் கொலாசு என்ற ஓவியர் தீட்டியவை. 1415இல் போர்த்துக்கேயர் வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள செயுட்டா நகரைப் பிடித்த காட்சியும் அவற்றில் உண்டு. அந்தப் படையெடுப்புக்குப் புறப்பட்ட கப்பல்களுக்கு ஊரிலிருந்த இறைச்சியை எல்லாம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய குடலைத்தான் போர்ட்டோ மக்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பது அவ்வூர்க் கதை. இன்றும் அவர்களுக்குக் 'குடல் தின்பவர்கள்' என்று பட்டப்பெயர். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். மகள் இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஊர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

அங்கிருந்து இறங்கி ரிபெய்ராவுக்கு வந்தோம். டோரோ ஆற்றை ஒட்டிய பழைய குடியிருப்பு அது. எதிரே 1886இல் திறந்த டோம் லூயிஸ் இரும்புப் பாலம், அக்கரையில் போர்ட் மது முதிரும் கிடங்குகள். பகல் ஒன்றரை மணி. படியும் சரிவுமாக இறங்கியதில் அம்மாவின் முழங்கால் நொந்துவிட்டது. வாசலில் மெனு அட்டையோடு நின்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அம்மா உட்காரட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே பலகையில் சுட்ட மத்தி மீன் 11 யூரோ என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தோம்.

மெனுவைத் திறப்பதற்குள் மேசை நிறைந்துவிட்டது. ஒரு கூடை நிறைய சூடான பாண், ஒலிவ் காய்கள், மெழுகுத்தாள் சுற்றிய ஒரு சிறிய பாலாடைக்கட்டி, பூண்டு மணக்கும் எண்ணெயில் ஒரு தட்டு இறால். கூடையைக் காட்டிப் பணியாளர் தம் மொழியில் அதன் பெயரைச் சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பாண் என்றுதானே சொல்கிறார்!" பிரெட்டை நாங்கள் யாழ்ப்பாணத்தில் பாண் என்று சொல்வது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல்தான், மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அப்படி வந்தவை. அம்மாவுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. "தம்பி, நல்ல பாண்" என்று தமிழிலேயே அவரிடம் சொல்லி, ஒரு துண்டைப் பிய்த்து ஒலிவ் எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டார். மகள் இறாலை எடுத்தாள். பாலாடைக்கட்டியை யாரும் தொடவில்லை. சுற்றிய தாள்கூடப் பிரியவில்லை.

வந்தவருக்கு முதலில் எதையாவது கொடுத்து உபசரிப்பது நம் வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணினேன். விலை கேட்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

பிறகு மீன். மத்தி இன்று நன்றாக இல்லை, இது காலையில் வந்தது என்று பனிக்கட்டித் தட்டில் ஒரு பெரிய மீனைக் கொண்டுவந்து காட்டினார். ரொபாலு என்று பெயர், நம் கொடுவாவைப் போன்றது. மூவருக்கும் போதும் என்றார். நான் தலையாட்டினேன். கிலோவுக்கு எவ்வளவு, இந்த மீன் எத்தனை கிலோ என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. மீன் ருசியாகத்தான் இருந்தது. அம்மாவால் தம் பங்கில் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

பில் வந்தது. தலைப்பில் 'மேசா 14'. அம்மாவே எழுத்துக் கூட்டி வாசித்து மேசை என்று சிரித்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. பாணும் ஒலிவும் ஆளுக்கு 4.50 வீதம் 13.50. தொடாத பாலாடைக்கட்டி 9. இறால் 22. மீன் 1.450 கிலோ, கிலோ 68 வீதம் 98.60. இரண்டு தண்ணீர்ப் போத்தல், ஒரு குவளை வெள்ளை மது, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்து மொத்தம் 164.60 யூரோ. இவற்றை நாங்கள் கேட்கவில்லையே என்றேன். "சாப்பிட்டீர்களே" என்றார். பாலாடைக்கட்டியைச் சாப்பிடவில்லை என்று காட்டினேன். அது மூன்றும் சேர்ந்த தொகுப்பு என்றார். பில்லில் தனித்தனி வரியாக இருக்கிறதே என்று மகள் விரல் வைத்துக் காட்டியபோது அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அட்டை இயந்திரத்திலும் ஒரு வேலை நடந்தது. யூரோவா பவுண்டா என்று திரை கேட்டது. நான் பார்க்குமுன் அவரே பவுண்டை அழுத்திவிட்டார். யூரோவைப் பவுண்டாக மாற்ற அந்த இயந்திரம் போட்ட விகிதத்தில், என் வங்கி எடுத்திருக்கக்கூடியதைவிட ஏறக்குறைய 7 பவுண்டு கூடுதலாகப் போனது. இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி யூரோவை நீங்களே அழுத்துங்கள்.

காசு போனதைவிட அம்மா முகம் வாடியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் அந்தப் பாணைத் தொடாமல் இருந்திருக்கலாம் பிள்ளை" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இரவு வெளியே சாப்பிட வர மறுத்து, அறையில் இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துவிட்டார்.

மறுநாள் பொல்யாவ் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு வற்புறுத்திக் கூட்டிப்போனேன். அங்கேயும் பாணும் ஒலிவும் வந்தன. அம்மா இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கடைக்கார அம்மா அதைக் கவனித்து, வேண்டாமா என்று சைகையால் கேட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனார். பில்லில் அது வரவில்லை. அவருடைய மகளுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. முதல்நாள் கதையைச் சொன்னதும் அவர்தான் விளக்கினார். இப்படி முதலில் வைப்பதற்குக் குவேர் என்று பெயர், நாடு முழுவதும் உள்ள வழக்கம், ஏமாற்று அல்ல. ஆனால் வாடிக்கையாளர் கேட்காததற்குக் காசு வாங்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விலைப்பட்டியலில் அதன் விலையும் இருக்க வேண்டும். தொட்டுச் சாப்பிட்டுவிட்டால் வாதாடுவது கடினம். அதனால் வைத்தவுடனே "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

மாட்டிறைச்சி உண்ணாத நம்மவர்களுக்கு அந்தப் பெண் சொன்ன இன்னொன்று. ஃபிரான்செசிஞ்யா என்ற போர்ட்டோவின் புகழ்பெற்ற சாண்ட்விச்சை மகள் கேட்டாள். உருகிய பாலாடைக்கட்டியும் பியர் கலந்த சிவப்புச் சாறும் மூடியிருப்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது: மாட்டிறைச்சித் துண்டு, பன்றி இறைச்சி, தொத்திறைச்சி. கால்டு வெர்டே என்ற பச்சைக் கீரை சூப்பிலும் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். நாங்கள் பக்கல்யாவ் சாப்பிட்டோம். உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் சேர்த்துச் சமைப்பது. அம்மா முதல் வாயிலேயே "இது கருவாடுதான்" என்று கண்டுபிடித்துத் தட்டைக் காலி செய்தார். மூவருக்கும் 38 யூரோ.

முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பற்றியும் அந்தப் பெண்தான் சொன்னார். போர்த்துக்கலில் ஒவ்வொரு உணவகமும் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று வைத்திருக்க வேண்டும்; கேட்டால் தரவேண்டும். தர மறுத்தால் பொலிஸைக் கூப்பிடலாம். 'லிவ்ரு டி ரெக்லமசோய்ஷ்' என்று எனக்குச் சொல்லப் பழக்கினார்.

அன்று மாலையே ரிபெய்ராவுக்குத் திரும்பிப் போனேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பணியாளரின் குரல் மாறியது. மேலாளர் இல்லை என்றார். பொலிஸை அழைக்கட்டுமா என்றேன். மேலாளர் உள்ளிருந்து வந்தார். பாலாடைக்கட்டிக்கும் இறாலுக்குமாக 31 யூரோவை மேசையில் வைத்து, எழுத வேண்டாம் என்றார். மகள் சாப்பிட்ட இறாலின் காசு எனக்கு வேண்டாம் என்று தொடாத பாலாடைக்கட்டிக்குரிய 9 யூரோவை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். மீன் எடையையும் விலையையும் முன்னரே சொல்லாததையும், குவேர் விலை மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்ததையும் எழுதினேன். ஒரு நகல் நமக்கு, ஒன்று புத்தகத்தில், மூலப்பிரதி அரசுக்குப் போகிறது. உணவகங்களைக் கண்காணிப்பது ஆசாய் என்ற அமைப்பு. ஊர் திரும்பியபின் நினைவு வந்தால் இணையத்திலும் இந்த முறைப்பாட்டைப் பதியலாம். பில்லைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

என் நகல் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு போவாராம். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.