எச்சரிக்கை: "ஏஜென்ட்டிடம் கொடுத்தாச்சு" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகைக்கான) வழக்குப் போட நினைப்பவர்கள், சம்மன் கொடுக்க ஆள் பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 165 டாலரும் இரண்டு மாதமும் வீணாகப் போயின.

ஒரு பெரிய கார் வாடகை நிறுவனம், நான் செய்யாத சேதத்துக்கு என் கிரெடிட் கார்டிலிருந்து 2,300 டாலர் எடுத்துக்கொண்டது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது எடுத்த வீடியோவை அனுப்பியும் பதில் இல்லை. வேறு வழியின்றி கோர்ட்டுக்குப் போனேன். தனிநபர் 12,500 டாலர் வரை இங்கே கேட்கலாம். என் தொகைக்குக் கட்டணம் 50 டாலர்தான். வக்கீல் வந்து வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனத்தின் எதிரிலும் தைரியமாக நிற்கலாம்.

சிக்கல் சம்மனில் ஆரம்பித்தது. நம் ஊரில் கோர்ட் அமீனா கொண்டுபோய்க் கொடுப்பார். இங்கே எதிராளி கையில் சேர்ப்பிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவருடையது. ஆனால் நாமே நேரில் கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பியவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் சம்மன் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு சர்வீஸ் ஆளை இணையத்தில் பிடித்தேன். கட்டணம் 125 டாலர். நிறுவனத்தின் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (நிறுவனத்துக்காகச் சம்மன் வாங்கப் பதிவு செய்யப்பட்டவர்) யாரென்று சரிபார்த்து அவரிடமே கொடுப்பதற்குத் தனியாக 40 டாலர். அந்த 40 டாலரை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாளில் "கொடுத்தாச்சு" என்று மெசேஜ் வந்தது. கொடுத்ததற்கான சான்றுப் படிவத்தை (எஸ்சி-104) விசாரணைக்கு ஐந்து நாள் முன்பே கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். நான் நாலு முறை கேட்ட பிறகு, விசாரணைக்கு முந்தைய நாள் இரவுதான் அனுப்பினார். கொடுத்த இடம், ஏர்போர்ட் வாடகை கவுண்டர். வாங்கியவர், "ஊழியர்". பெயர் இல்லை. கொடுத்தவரின் பதிவு எண் கட்டமும் காலி.

நிறுவனத்தின் சார்பில் யாரும் வரவில்லை. நீதிபதி படிவத்தைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் நிற்கும் ஊழியர் அந்த நிறுவனத்துக்காகச் சம்மன் வாங்க அதிகாரம் பெற்றவர் இல்லை என்று சொல்லி, வழக்கை இரண்டு மாதம் தள்ளிவைத்தார். லீவு போட்டுப் போய் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீதிபதி மேல் தப்பில்லை. சம்மன் ஒழுங்காகச் சேராமல் தீர்ப்பு வாங்கினாலும் அதைப் பின்னால் ரத்து செய்ய வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இலவசமாக ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் இருக்கிறார். அவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். அந்த அம்மா சொல்லித்தான் விஷயம் புரிந்தது. மாநிலத்தில் தொழில் செய்ய வரும் ஒவ்வொரு கார்ப்பரேஷனும், தனக்காகச் சம்மன் வாங்கிக்கொள்ள உள்ளூரில் ஓர் ஏஜென்ட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகளை வைத்துக்கொள்கின்றன. டெலவேர் மாநிலம் வில்மிங்டனில், 1209 நார்த் ஆரஞ்ச் தெரு என்ற ஒரே முகவரியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன! என் எதிராளியின் பெயரைத் தேடியபோதும் ஒரு டெலவேர் முகவரிதான் வந்தது. "அங்கே அனுப்பாதீங்க, கலிஃபோர்னியா ஏஜென்ட்டைப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் மாநில அலுவலகமான கலிஃபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் 'பிஸ்ஃபைல்' தளத்தில் தேட ஒரு பைசா செலவில்லை. போர்டில் இருக்கும் பிராண்ட் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கலாம். வழக்கில் பதிவுப் பெயர்தான் இருக்க வேண்டும். ஏஜென்ட் ஒரு கம்பெனியாக இருந்தால் அதன் முகவரியும், சம்மன் வாங்கக்கூடிய ஊழியர்களின் பெயர்களும் அங்கேயே கிடைக்கும். நான் 40 டாலர் கொடுத்த வேலை இவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் வழக்குக்கான ஏஜென்ட் அலுவலகம் சேக்ரமெண்டோவில் இருந்தது. அந்த ஊரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைக் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கொடுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்கூட ஆகலண்ணா, பேரைச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க" என்று போன் பண்ணினார். படிவத்தையும் அன்றே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எதிராளி வேறு கவுண்டியில் இருந்தால் விசாரணைக்கு 20 நாள் முன்பும், வழக்குப் போட்ட கவுண்டியிலேயே இருந்தால் 15 நாள் முன்பும் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். நாள் எண்ணிப் பார்த்து அனுப்புங்கள்.

பதினோராம் நாள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். 2,300 டாலரும் கோர்ட் கட்டணமும் முழுதாகத் திரும்பி வந்தன. வழக்கை முடித்துக்கொண்டேன்.

சர்வீஸ் ஆள் மட்டும் பணத்தைத் தர மறுக்கிறார். "முயற்சிக்குத்தான் கட்டணம்" என்கிறார். வருடத்துக்குப் பத்து சம்மனுக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பவர் இங்கே கவுண்டி கிளார்க்கிடம் பதிவு செய்து, 2,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கொடுத்திருக்க வேண்டும். அவர் போட்டிருந்த முகவரி எந்தக் கவுண்டியோ அங்கேயே விசாரித்தேன். பதிவில் அவர் பெயர் இல்லை. அந்தக் காலிக் கட்டத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. படிவத்தின் நகலையும் வழக்கைத் தள்ளிவைத்த உத்தரவையும் இணைத்து, 165 டாலரைத் திரும்பக் கேட்டுக் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.