சிறுவர்களுக்கான விளையாட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி: சேலத்தில் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்ததில்

ஷட்டில் பயிற்சிக்குச் செல்லும் எங்கள் ஒன்பது வயது மகளுக்காக, சேலம் ஐந்து ரோடு பகுதியிலுள்ள ஒரு கண்ணாடிக் கடையில் பவர் லென்ஸ் பொருத்திய விளையாட்டுக் கண்ணாடி வாங்கினோம். அவளுக்கு இடது கண்ணில் பார்வை சற்றுக் குறைவு. நன்றாகத் தெரியும் வலது கண்ணுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னதன் பேரில்தான் இதைத் தேடத் தொடங்கினோம்.

அன்றாடம் அணியும் பவர் கண்ணாடியே போதும் என்று நினைத்துப் பிள்ளைகளை ஆட அனுப்பும் பெற்றோர் பலர். சாதாரண லென்ஸ் வேகமான அடியில் உடைந்து, அதன் சில்லே கண்ணைக் கிழிக்கக்கூடும். இறகுப்பந்தின் கார்க் தலை 25 முதல் 28 மில்லிமீட்டர் விட்டமே உடையது என்பதால், பெரிய பந்தைத் தடுத்துவிடும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் இதைத் தடுப்பதில்லை. அது நேராகக் கண்ணிலேயே வந்து விழுகிறது. 2023-இல் இந்திய இறகுப்பந்து வீரர் சாத்விக்சாய்ராஜ் ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பதிவானது. பிள்ளைகளின் அடியில் அத்தனை வேகம் இராது என்றாலும், இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கருகே நிற்கும் குழந்தை, பின்னால் நிற்கும் கூட்டாளி அடிக்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால், ஒதுங்கிக்கொள்ள நேரமே கிடைக்காது. அப்படிப்பட்ட அடியால் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கட்டலாம், விழித்திரை கிழியலாம், பல ஆண்டுகள் கழித்துக் கண் அழுத்த நோயும் வரலாம்.

முதலில் சென்ற வேறொரு கடையில், "கீழே போட்டாலும் உடையாதுங்க" என்று சாதாரண பிளாஸ்டிக் லென்ஸையே எடுத்துக் காட்டினார்கள். கீழே விழுந்து உடையாமலிருப்பது வேறு, பந்தின் அடியைத் தாங்குவது வேறு. நாங்கள் வாங்கியதில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, அடியைத் தாங்கும் உறுதியான பிளாஸ்டிக் வகையான பாலிகார்பனேட் லென்ஸ். பக்கங்களையும் மூடும் ஃபிரேம். காதுக் கம்பிக்குப் பதிலாகத் தலையைச் சுற்றிவரும் எலாஸ்டிக் பட்டை. ஃபிரேமின் உட்புறத்தில் விளையாட்டுக் கண் பாதுகாப்புக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 803 என்ற அமெரிக்கத் தர எண் அச்சிடப்பட்டிருந்தது. கடைப் பெண்மணி மகளைக் குதிக்கச் சொல்லி, குனிந்து நிமிரச் சொல்லி, கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே தம் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகே அளவை முடிவு செய்தார். இந்த அக்கறைக்காகவே அந்தக் கடையை மனதாரப் பாராட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. காற்று பந்தை இழுத்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவைக்கும் உள்ளரங்கில், சேலத்துச் சித்திரை வெயில் காலத்தில், சிறிது நேரத்திலேயே லென்ஸில் ஆவி படிகிறது; ஆவி படியாத பூச்சு இருந்தும் இந்த நிலைதான். பாலிகார்பனேட்டில் கீறல் எளிதில் விழும் என்பதால், வியர்வையைச் சட்டை முனையால் துடைக்காமல், தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கப் பழக்க வேண்டியிருக்கிறது. பட்டையும் நாளடைவில் தளர்கிறது. பவர் லென்ஸோடு சேர்த்து விலை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று என்றாலும், ராக்கெட்டுக்கும் ஷூவுக்கும் செலவழிப்பவர்கள் இதையும் அக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கார்க் பந்துக் கிரிக்கெட்டுக்கு இந்தக் கண்ணாடியை நம்ப வேண்டாம். அதற்குக் கம்பி வலை வைத்த ஹெல்மெட்டே தேவை. 2000-இல் டாக்காவில் விக்கெட் கீப்பிங் செய்தபோது கண்ணில் பட்ட பந்தும், 2012-இல் இங்கிலாந்தின் டான்டனில் கண்ணில் தெறித்த பெயில்ஸும் (ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு கட்டை) முறையே இந்தியாவின் சபா கரீம், தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் ஆகியோரின் ஆட்ட வாழ்வையே முடித்துவிட்டன.

சேலத்துக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிறுவர் அளவுகளை இருப்பில் வையுங்கள். எங்களுக்கு வெளியூரிலிருந்து வரவழைத்தே கொடுத்தார்கள். பெரியவர்களின் ஃபிரேமைப் பட்டையை மட்டும் இறுக்கிக் குழந்தைக்கு மாட்டி அனுப்பினால், கன்னத்தோரம் விழும் இடைவெளி வழியாகவே கார்க் உள்ளே புகுந்துவிடும்.