முள் சரி, கிலோமீட்டர் தப்பு: பெரிய டயரோடு மூன்று வருடம்

போன வாரம் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பீடோமீட்டர் திருத்தும் பெட்டியின் ஒயர்களை வெட்டி மறுபடி சால்டர் செய்தேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "என் பிக்அப்புக்கும் 285 டயர் போட்டாச்சு. அந்தப் பெட்டி வாங்கலாமாண்ணே?" போனில் அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

என் வண்டியில் கம்பெனி கொடுத்தது 265/65 ஆர்17. நான் போட்டது 285/70 ஆர்17. டயரின் உயரம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831-க்குப் போகிறது. கணக்குப்படி 7 சதவீதம். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி முன்பைவிடக் கூடுதல் தூரம் போகும். கியர்பாக்ஸில் சுற்றை எண்ணி வேகத்தையும் தூரத்தையும் சொல்லும் சென்சாருக்கு அது தெரியாது. இதெல்லாம் டயர் மாற்றுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் டயர் மாற்றிய முதல் நாள் எனக்குக் கிடைத்தது சந்தோஷம். பழைய டயரில் ஸ்பீடோமீட்டர் முள் 100-ல் நிற்கும்போது போனின் ஜி.பி.எஸ். 95 காட்டும். புது டயரில் முள் 100, போன் 101. கிட்டத்தட்ட ஒன்று! கம்பெனி செய்த தப்பைப் பெரிய டயர் சரிசெய்துவிட்டது என்று நினைத்தேன். பதினான்கு மாதம் எதையும் தொடவில்லை.

அது கம்பெனியின் தப்பே இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதியைப் பின்பற்றும் நாடுகளில், முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கூடலாம், அதற்கும் வரம்பு உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதோடு 4 கிலோமீட்டரும். அதாவது உண்மையில் 100-ல் போனால் முள் 114 வரை காட்டலாம், 99 காட்டக் கூடாது. நான் "துல்லியம்" என்று மகிழ்ந்துகொண்டிருந்த முள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.

முதலில் உறுத்தியது மைலேஜ். லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியது. டயர் கனம், சாலையில் உராய்வும் அதிகம் என்று டயரையே திட்டினேன். ஒரு நீண்ட பயணத்தில், சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே வந்தபோதுதான் விளங்கியது. கல் கணக்கில் 50 கிலோமீட்டர், ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டரில் 47. வண்டி உண்மையில் 10.6 கொடுத்திருக்கிறது, ஓடிய தூரம்தான் கணக்கில் வரவில்லை. ஆயில் மாற்றும் கெடுவும் இதே அளவு தள்ளிப் போயிருந்தது என்று உறைத்ததும் உண்மையாகவே பதறினேன்.

உடனே ஒரு கடையில் பெட்டி வாங்கிப் பொருத்தினேன். சென்சாரிலிருந்து வரும் துடிப்புகளை வாங்கி, நாம் வைக்கும் விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் சின்னப் பெட்டி. உள்ளே வரிசையாக வெள்ளை சுவிட்சுகள், பேனா முனையால்தான் தள்ள முடியும். பொருத்தியவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி, முள்ளும் ஜி.பி.எஸ்.ஸும் ஒன்றாகும்வரை மாற்றினார். "இனி பிசகாது சார்" என்றார். நானும் நம்பினேன். அடுத்த பயணத்தில் அதே 50 கிலோமீட்டருக்கு ஓடோமீட்டர் 47.5.

என் கோபமெல்லாம் இங்கேதான். முள், ஓடோமீட்டர் இரண்டுக்கும் வருவது ஒரே துடிப்பு. கம்பெனி அந்தத் துடிப்பை ஓடோமீட்டருக்கு உள்ளபடி எண்ணுகிறது. முள்ளுக்கு மட்டும் ஐந்து சதவீதம் போல ஏற்றிக் காட்டுகிறது. பெட்டியில் வைக்க முடிவதோ ஒரே ஒரு எண். முள்ளை ஜி.பி.எஸ்.ஸோடு ஒட்ட வைத்தால் தூரம் ஐந்து சதவீதம் குறையும். தூரத்தைச் சரியாக்கினால் முள் பழையபடி 95-க்கு 100 காட்டும். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இந்த ஒரு வரியைக் கடைக்காரரும் சொல்லவில்லை, பெட்டியோடு வந்த தாளிலும் இல்லை. மூவாயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன்.

பிடிக்க வேண்டியது தூரத்தைத்தான். வேகத்துக்குப் போன் இருக்கிறது, முள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் நல்லதுதான். ஆயில், பெல்ட், மைலேஜ், வண்டியை விற்கும்போது சொல்லும் கணக்கு எல்லாம் ஓடோமீட்டரை நம்பியே இருக்கின்றன. கணக்குப்போடும் செயலிகள் சொல்லும் 7 சதவீதத்தையும் அப்படியே வைக்காதீர்கள். என் கற்களின் கணக்கில் வந்தது 6.4 தான். தேய்ந்த டயரின் உயரம் குறையும். பாரத்தில் டயர் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் பக்கத்தில் அச்சிட்ட அளவில் இருக்காது. காற்றைச் சரியாக அடைத்துவிட்டு, பெட்டி இல்லாமல் ஒருமுறை 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். டயரின் மேல்கட்டைகள் பாதி தேய்ந்ததும் இன்னொரு முறை.

அப்படி வைத்ததிலிருந்து பெட்டி அதன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. கல்லும் ஓடோமீட்டரும் 100 கிலோமீட்டருக்கு 300 மீட்டர்கூடப் பிசகவில்லை. இதற்கு மேல் ஒரு பெட்டியிடம் என்ன கேட்க முடியும்?

அப்புறம் இந்த மழைக்காலம். ஈரச் சாலையில் 60-ல் போகும்போது முள் நடுங்கும், சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், மறுபடி எழும். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தால் அதுவும் விட்டுப்போகும். காரணம் பெட்டி இல்லை. பெட்டியின் எர்த் ஒயரைச் சால்டர் செய்யாமல், ஒயரின் தோலைக் கிழித்துக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பால் பிடித்திருந்தார்கள். கிளிப்பைத் திறந்தால் செம்பு இழைகள் பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. நல்ல ஒயர் தெரியும்வரை வெட்டி, சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். அரைமணி நேர வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நண்பரிடம் என்ன சொன்னேன் என்றால், வாங்காதே என்றேன். அவர் வண்டி புதுசு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகி டயர் அளவை மாற்ற அந்த மாடலில் வழி இருக்கிறது. ஒயரை வெட்டவே வேண்டாம். என் வண்டியில் அந்த வழி இல்லை. இதே பழைய வண்டிக்கு மறுபடி வாங்குவேனா என்றால், இன்றைக்கு மாட்டேன் என்றுதான் வாயில் வருகிறது. ஆனாலும் பெட்டியைக் கழற்றவில்லை. அது இல்லாமல் ஓட்டவும் மனசு வராது. இன்னொன்று: டயரால் குறைந்த இழுவையை இந்தப் பெட்டி திருப்பித் தராது. அதற்கு சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும், அது வேறு கதை.

திருத்துவதற்கு முன் ஓடோமீட்டரில் ஏறாமல் போன தூரம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீல மையில் அதை எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன். எனக்குப் பின் இந்த வண்டியை வாங்குபவர் அதையும் கூட்டிக்கொள்ளட்டும்.