கோயம்புத்தூரில் எங்கே தங்குவது: காந்திபுரமா, ஜங்ஷனா?

கோயம்புத்தூருக்கு முதல் தடவை வரும் வெளியூர் நண்பர்கள், "பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டுக் கூப்பிடறேன்" என்பார்கள். எந்த பஸ் ஸ்டாண்டு என்று கேட்டால் முழிப்பார்கள். மதுரை, திருச்சி வண்டி என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டிப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு. ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தி வண்டிகள் காந்திபுரம். எங்கே இறங்கினாலும், கையில் அளவாகக் காசு வைத்திருப்பவர்கள் கடைசியில் ரூம் தேடுவது காந்திபுரத்தில், இல்லையென்றால் ரயில்வே ஜங்ஷன் எதிரில். இரண்டிலும் நான் தங்கியிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோபி. முதன்முதலில் ஓர் இன்டர்வியூவுக்காக ராத்திரி பத்து மணிக்கு காந்திபுரத்தில் இறங்கினேன். மூன்று லாட்ஜ் ஏறி இறங்கியும் ஒரே பதில்தான்: "ஒத்தை ஆளுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க தம்பி." நாலாவது இடத்தில் நீளமான ரிஜிஸ்டரில் அப்பா பேர், வந்த காரியம், போகிற ஊர் எல்லாம் எழுதச் சொல்லிவிட்டு, ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். ஜெராக்ஸ் கடை எல்லாம் அடைத்தாகிவிட்டது. எப்படியோ சாவி கிடைத்தது. ஜன்னல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. விடிய விடிய "சத்தி கோபி, சத்தி கோபி" என்று என் ஊர்ப் பேரையே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கவுன்ட்டரில் '24 மணி நேரம்' என்று போர்டு தொங்கியது. காலையில் எட்டு மணிக்கே கதவைத் தட்டி, இருப்பதானால் இன்னொரு நாள் வாடகை என்றார்கள்.

ஆனாலும் காந்திபுரத்தைக் குறை மட்டும் சொல்ல முடியாது. எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும். டவுன் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருப்பதால் ஆட்டோ செலவே இல்லை. மருதமலைக்கு 70-ம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்தால் அடிவாரத்தில் போய் இறங்கலாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் காசே கிடையாது. சாயங்காலம் கிராஸ்கட் ரோட்டில் கடைகளை வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் நடப்பது என்பது பாதி நேரம் நிற்பதுதான்.

ஜங்ஷன் பக்கம் தங்கியது இரண்டு வருஷம் கழித்து, நாகர்கோவில் நண்பர் ஒருவரோடு. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே கீதா ஹால் ரோட்டில் வரிசையாக லாட்ஜுகள். வாடகை காந்திபுரத்தைவிடப் பெரிதாக ஒன்றும் குறையவில்லை, ஆனால் தூங்க முடிந்தது. (ரயில் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷன் ரிடையரிங் ரூமுக்கும் முயற்சி பண்ணலாம்.) நண்பர் வந்ததும் வராததுமாகக் குழாயைத் திறந்து, "சிறுவாணித் தண்ணியா?" என்று ஆசையாகக் கேட்டார். ரூம் பையன், "போர் தண்ணிங்ணா, குடிச்சுராதீங்க" என்றான். ஊர் முழுக்கச் சிறுவாணி வராது. பாதி ஊருக்குப் பில்லூர் அணைத் தண்ணீர்தான் என்று நான் விளக்கியதில் அவருக்கு ஏமாற்றம்.

என் கணக்கில் ஜங்ஷன் ஜெயிப்பது நடக்கிற தூரத்தில்தான். பொடிநடையாக டவுன்ஹால் போய்விடலாம். 1892-ல் கட்டிய விக்டோரியா ஹால், கோனியம்மன் கோயில், பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் தேவாலயம், ஒப்பணக்கார வீதியில் பள்ளிவாசல் எல்லாம் ஒரே சுற்றில் முடியும். காலையில் ரங்கே கவுடர் வீதிக்குள் நுழைந்தோம். லாரியிலிருந்து மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் கொக்கியை மாட்டி இழுத்த ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத நெடி ஒன்று கிளம்பியது. நண்பர் ஏழெட்டுத் தடவை தும்மினார். "ஓரமா வாங்ணா, பழகாதவிங்களுக்கு ஆகாது" என்று ஒருவர் கையைப் பிடித்து விலக்கிவிட்டார். காந்திபுரத்தில் ஒரு வாரம் இருந்தாலும் இப்படி ஓர் ஊரைப் பார்த்திருக்க முடியாது. அங்கே இருப்பது ஊரை விட்டுப் போகிற வழி.

ராத்திரிச் சாப்பாட்டில் ஜங்ஷன் கொஞ்சம் மட்டம். நேரத்தோடு சாப்பிட்டுவிட வேண்டும். தள்ளுவண்டிக் காளான் இரண்டு பக்கமும் கிடைக்கும். காளான் என்பது பேரில்தான், பெரும்பாலும் முட்டைக்கோஸ். தெரிந்தே இரண்டு பிளேட் சாப்பிட்டோம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பேரம் பேசுவதைவிட, ரோட்டைத் தாண்டி டவுன் பஸ் பிடிப்பது நல்லது.

உக்கடம்? பொள்ளாச்சி பஸ் ஏறவும், பெரியகுளத்துக் கரையில் சாயங்காலம் நடக்கவும் சரி. தங்க நான் சொல்ல மாட்டேன்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளா போகிற வண்டிகளில் சில ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர் வழியாகப் போய்விடும். போன மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பர் விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்றேன்.

"கோயம்புத்தூர்லதான். ஆனா போர்டுல வேற ஏதோ ஊர் பேர் போட்டிருக்கு."