நிரல் சொல்ல மனிதர் நகர்த்தினால் தப்பில்லையாம்: கட்டணம் கட்டும் முன் விதியைப் படியுங்கள்

இணையத்தில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) கூடிக்குறையும் செஸ் தொடர்களுக்குக் கட்டணம் கட்டிச் சேர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சேருங்கள். நான் சேர்ந்த தொடரில் என்னை வென்றவர் ஆடவே இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஓடிய எஞ்சின், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் செஸ் நிரல், ஆடியது. அது சொன்ன காயை அவர் கையால் நகர்த்தினார். அதைவிட மோசம், நடத்தியவர்கள் தந்த பதில்.

பத்து நிமிட ஆட்டம். நடு ஆட்டத்தில் என் ராணியால் அவருடைய ராணியை வெட்டி செக் வைத்தேன். ராஜாவால் திருப்பி வெட்டுவதைத் தவிர அவருக்கு வேறு நகர்த்தலே கிடையாது. செஸ் பழகிய எவருக்கும் அதற்கு ஒரு நொடி போதும். அவர் கடிகாரத்தில் ஏழு நொடி கரைந்தது. சற்று நேரத்தில், தேர்ந்த ஆட்டக்காரர்களே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு நிலையில் யானையைத் தியாகம் செய்தார். அதற்கும் அதே ஏழு நொடி! யோசிக்கிற மனிதருக்கு எளிய நகர்த்தலும் கடினமான நகர்த்தலும் ஒரே நேரம் எடுக்காது. எதிராளியின் நகர்த்தலை எஞ்சினில் போட்டு, விடையை வாங்கி வந்து வைக்கிற நேரம்தான் எப்போதும் ஒன்றாக இருக்கும். கடைசியில், சிப்பாயை ராணியாக்கினால் முடிந்துவிடுகிற இடத்தில் ராஜாவை ஓரமாக ஒரு கட்டம் தள்ளினார்; மனிதருக்குச் சட்டென்று தோன்றாத நகர்த்தல் அது. பிறகு ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் போட்டுப் பார்த்தேன். தொடக்க ஆட்டத்தைத் தாண்டியபின் ஏறக்குறைய எல்லாமே அதன் முதல் தேர்வு.

கடிகாரக் குறிப்புகளோடு புகார் அனுப்பினேன். “எங்கள் விதி தானியங்கி நிரல்களைத்தான் தடுக்கிறது. அந்தக் கணக்கை இயக்குபவர் மனிதர் என்று உறுதிசெய்துவிட்டோம்” என்று எழுதினார்கள். புள்ளியும் திரும்பவில்லை, கட்டணமும் திரும்பவில்லை.

இது தலைகீழ் நியாயம். முறையாகப் பதிவுசெய்த தானியங்கி நிரல் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. லிசெஸ் தளத்தில் அத்தகைய கணக்கின் பெயருக்கு முன்னால் ‘பாட்’ என்ற அடையாளம் நிற்கும். ஓர் ஆட்டம்கூட ஆடாத கணக்கைத்தான் அப்படி மாற்ற முடியும், மாற்றினால் மீட்க முடியாது. அதோடு ஆடுவதா வேண்டாமா என்பது நம் விருப்பம். நானே பயிற்சிக்காக விரும்பி ஆடுகிறேன். மனிதரும் நிரலும் கூட்டாக ஆடுவதிலும் குற்றமில்லை, எல்லோருக்கும் தெரிந்து நடந்தால். 2005இல் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டி அப்படித்தான் நடந்தது. மனிதப் பெயருக்குப் பின்னால் எஞ்சினை ஒளித்துவைத்து ரேட்டிங் புள்ளிகளை அள்ளுவது மட்டும்தான் திருட்டு. நேரடிப் பலகை ஆட்டத்துக்கான உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 11.3.1, ஆட்டத்தின்போது எந்தக் குறிப்பையும், தகவலையும், ஆலோசனையையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தடை உதவிக்குத்தான், காயை யார் கை நகர்த்தியது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆகவே விதியில் ‘தானியங்கி’ என்ற சொல் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். ‘எந்த வகை வெளி உதவியும் கூடாது’ என்று இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அரட்டைப் பெட்டியில் எதிராளியைத் திட்டாதீர்கள். உஷாராகிவிடுவார், தவறாகக் கணித்திருந்தால் ஒரு நல்ல ஆட்டக்காரரின் மனமும் நோகும். கட்டாய நகர்த்தல்கள் நிறைந்த குறுகிய ஆட்டத்தில் யாருடைய துல்லியமும் உயர்வாகத்தான் தெரியும், அதனால் ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அவருடைய பழைய ஆட்டங்களில் நேரம் எப்படிச் செலவாகியிருக்கிறது என்று பாருங்கள், அந்த ஆட்டங்களின் இணைப்போடு புகார் கொடுங்கள். பெரிய தளங்கள் மோசடிக் கணக்கை மூடும்போது இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருவது உண்டு.

மூன்று நிமிட ஆட்டம் என்றால் கையால் நகர்த்துகிறவர் திணறுவார் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் திரையைப் படித்துத் தானே காயை நகர்த்தும் நிரல்களும் இருக்கின்றன, அதனால் குறுகிய நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், மோசடி நிரூபணமானால் புள்ளியும் கட்டணமும் திரும்ப வருமா என்று நடத்துபவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கட்டாதீர்கள்.